கல்முடக்கு நேரான கதை

1

பெற்றோலுக்குச் சனம் வெயிலுக்க நாள்கணக்கா வரிசையில நிண்டுதே, வாகனத்தை வரிசையில விட்டிட்டு வீட்ட போய்க் குளிச்சுச் சாப்பிட்டிட்டு வந்து திரும்பியும் நிண்டுதே, அந்த வருசம் ஞாபகமிருக்கும்தானே. அதுக்கு அடுத்த வருசம்தான் எங்கட ஒழுங்கைக்குக் காப்பெற், அதுதான் வழுவழுப்பான தார், போட்டது. வருசத்தின்ர இலக்கம் எனக்கு வாயில வராது, இப்பிடித்தான் நான் கணக்கு வைக்கிறனான். வரிசை வருசத்தில எங்கட ஒழுங்கையில ஓடினது முழுக்கச் சைக்கிள். செல்லம் போனில சொல்லுவா, "அண்ணை, ரோட்டு நடுவில காகம் நடந்து போகுது, ஒருத்தரும் கலைக்கிறேல்ல" எண்டு.

செல்லம் என்ர தங்கச்சி. எழுபது வயசு, கலியாணம் கட்டேல்ல. ஒரு கண்ணில வெள்ளை படர்ந்திட்டுது. திருகோணமலையில உட்துறைமுகப் பக்கம், ஓடாவி ஒழுங்கையில, எங்கட வீட்டில தனிய இருக்கிறா. நான் இஞ்ச நோர்வேயில, வடக்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில, மகன் வீட்டில இருக்கிறன். வந்து முப்பது வருசத்துக்கு மேல. பாதிக் காலம் மீன் பக்டறியில குளிருக்க நிண்டனான். ஊரில நான் மூதூர் லாஞ்சியில கயிறு பிடிச்ச ஆள். பள்ளிக்கூடம் மூண்டாம் வகுப்போட சரி. கையெழுத்து மட்டும் வைப்பன். அது வடிவா வைப்பன்.

இதையும் நான் எழுதேல்ல. நான் கதைக்கக் கதைக்க மருமகள் வதனி எழுதுறா. நான் ஏசினா ஏசின மாதிரியே எழுதச் சொல்லியிருக்கிறன். "மாமா, இந்தச் சொல்லையும் எழுதவோ?" எண்டு கேக்கிறா. சிலதை விட்டிருப்பா. விட்ட இடத்தில நீங்களே ஒண்டைப் போட்டு வாசியுங்கோ.

2

இந்த வைகாசியில, பனி உருகி ரோட்டுக் கரை தெரிய வெளிக்கிட்டவுடன, முன் வீட்டு ஆஸ்த்ரி ஒரு கடதாசியோட வந்து கதவைத் தட்டினா. அவவுக்கு என்ர வயசு. பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவ, இப்பவும் ஆளைப் பாத்தா முதுகை நிமித்திக்கொண்டு நிக்கத் தோணும். மகனும் மருமகளும் வேலைக்குப் போட்டினம். ஆஸ்த்ரி பத்து நிமிசம் எனக்கு ஏதோ விளங்கப்படுத்தினா. நான் நாலு தரம் "யா, யா" எண்டன். இந்த நாட்டில நான் சீவிச்சதே அந்த ஒரு சொல்லோடதான். ஓம் எண்டு சொன்னா சனம் சிரிச்சிட்டுப் போகும். இல்லை எண்டு சொன்னா ஏன் எண்டு கேக்கும். அந்த ஏனுக்கு மறுமொழி சொல்ல என்னட்டப் பாசை இல்லை. கையெழுத்தை வைச்சுக் குடுத்தன்.

அடுத்த சனிக்கிழமை யன்னலால பாத்தா ரோட்டில ஒரே சனம். இஞ்ச அதை டுக்னாட் எண்டு சொல்லுவினம், எங்கட சிரமதானம் மாதிரி. டொக்டரும் வருவார், குப்பை லொறி ஓடுறவரும் வருவார், எல்லாருக்கும் கையில மண்வெட்டி. அண்டைக்கு அவையள் செய்தது என்னெண்டா, பெரிய பெரிய மரப்பெட்டி, பிரேதப் பெட்டி அளவு, அதுக்க மண் நிரப்பிப் பூக்கண்டு நட்டு ரோட்டுக்குள்ள வைக்கினம். கரையில இல்லை, ரோட்டுக்குள்ள. ஒண்டு இந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி மற்றது அந்தப் பக்கம். கார் நேர ஓடேலாது, நெளிஞ்சு நெளிஞ்சுதான் போகவேணும். முதல் பெட்டி எங்கட வாசலுக்கு முன்னால, நான் வைச்ச கையெழுத்து அதுக்குத்தானாம்.

நான் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு இறங்கிப் போனன். இதென்ன விசர் வேலை எண்டு அங்க நிண்ட பேரனைக் கேட்டன். அவன் தமிழையும் அந்தப் பாசையையும் குழைச்சுச் சொன்னான், "அப்பப்பா, ரோட்டு நேரா இருந்தா ஆக்கள் வேகமா ஓடுவினம். வளைவு இருந்தா மெதுவாப் போவினம். எங்கட ரோட்டில வளைவு இல்லை. அதுதான் நாங்கள் செய்யிறம்."

வளைவு இல்லையாம், செய்யினமாம். ரோட்டில நிண்டபடியே தமிழில ஏசு ஏசெண்டு ஏசினன். ஆஸ்த்ரி பூக்கண்டைக் கையில வைச்சுக்கொண்டு பயந்துபோய் நிண்டா. அவ தன்னை ஏசுறன் எண்டு நினைச்சிருப்பா, பாவம். ஏன் ஏசினன் எண்டு விளங்கவேணுமெண்டா உங்களுக்குக் கல்முடக்கைச் சொல்லவேணும்.

3

எங்கட ஒழுங்கை உட்துறைமுக வீதியில தொடங்கிப் பெரிய ரோட்டில முடியும். நடுவில எங்கட வளவு. வளவு மூலையில ஒரு கருங்கல் பாறை கிடந்தது. திருகோணமலையில எங்க கிண்டினாலும் கல்தானே. பாறையில அரைவாசி எங்கட வளவுக்க, அரைவாசி ஒழுங்கைக்க. ஒழுங்கை அதைச் சுத்தித்தான் போகும். அதாலதான் அந்த வளைவுக்குக் கல்முடக்கு எண்டு பேர். எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் அதில கோர்ன் அடிச்சு, தலையை வெளியில போட்டுப் பாத்து, ஊர்ந்துதான் திரும்பவேணும். ஆமிக்காரனும் ஊர்ந்தவன், அரசாங்க அதிபரும் ஊர்ந்தவர். பலகை இல்லை, கோடு இல்லை. கல்லுதான் பொலிஸ்.

வரிசை வருசம் முடிய அரசாங்கக் கந்தோரால ஒரு கடதாசி வந்தது. ஒழுங்கையை அகலமாக்கப் போகினமாம், நேராக்கப் போகினமாம், காப்பெற் போடப் போகினமாம். ஒவ்வொரு வீடும் முன்பக்கம் மூண்டு அடி விடவேணும். எங்கட வீடு பாறையையும் விடவேணும். ஒழுங்கையில பதினாலு வீடு. அதில ஒன்பது வீட்டுக்காரர் வெளிநாட்டில, என்னோட சேத்து. நம்புங்கோ, ஒரு கிழமைக்குள்ள ஒன்பது கையெழுத்தும் போய்ச் சேந்திட்டுது. லண்டனில ஒருத்தன் பஸ்ஸுக்க இருந்து கையெழுத்து வைச்சுப் படம் எடுத்து அனுப்பினவன். அந்தப் படத்தையும் ஏத்துக்கொண்டினம்.

வேண்டாமெண்டு சொன்னது ஒரே ஒரு ஆள். காசிம். எங்கட கேற்றுக்கு நேர எதிர் வீட்டில வாடகைக்கு இருக்கிறவன், லொறியையும் வள்ளத்தையும் மூடுற படங்கு தைக்கிறது தொழில். மனிசி மௌத்தாகிட்டா, மகள் கிண்ணியாவில. நானும் அவனும் ஒரே ஒழுங்கையில காற்சட்டை கிழிச்ச ஆக்கள். போன் எடுத்துச் சொன்னான், "மச்சான், கல்லை விட்டிரு. அது கிடக்குமட்டும்தான் இந்த ஒழுங்கை மனிசன் நடக்கிற இடம்." நான் என்ன சொன்னனான் தெரியுமோ? "நீ உந்தப் படங்கைத் தைச்சுக்கொண்டிரு, உலகம் எங்கயோ போட்டுது" எண்டு சொன்னனான். வதனி, இதை வடிவா எழுது பிள்ளை. நான் சொன்னதுதான்.

போன வருசம் நான் ஊருக்குப் போனனான். ரோட்டைப் பாத்து நெஞ்சு நிமிந்துது. கண்ணாடி மாதிரி ரோட்டு, கறுப்பு, மினுக்கம், அம்பு விட்ட மாதிரி நேர். பாறை கிடந்த இடம் தெரியேல்ல. நிண்ட ரெண்டு கிழமையும் நான் ஓட்டோவிலதான் திரிஞ்சனான். ஓட்டோக்காரத் தம்பியிட்ட, "நல்ல ரோட்டுத்தானே, ஏன் ஊர்றீர், விடும்" எண்டு சொன்னதும் நான்தான். செல்லம் கேற்றில நிண்டு அங்கயும் இஞ்சயும் பாத்து, ஒரு கால் வைச்சு, திருப்பி எடுத்து, திரும்பியும் வைச்சதைக் கண்டனான். வயசு போட்டுது, அதுதான் தடுமாறுறா எண்டு நினைச்சனான்.

4

இந்த வருசம் நோன்பு மாசம். பள்ளிவாசலால தாற கஞ்சியில ஒரு தூக்குச்சட்டி எப்பவும் செல்லத்துக்கு வரும். நோன்பு திறக்கச் சரியா முன்னம் காசிம் ரோட்டைக் கடந்து கொண்டுவந்து கேற்றில குடுப்பான். அந்த நேரம் எப்பிடி எண்டு ஊரில இருக்கிற உங்களுக்குத் தெரியும். வேலை முடிஞ்சு போறவன், நோன்பு திறக்க ஓடுறவன், துறைமுகப் பக்கத்தால லொறி, எல்லாம் எங்கட ஒழுங்கையைக் குறுக்கு வழி எண்டு கண்டுபிடிச்சு விழுந்து ஓடுற நேரம். ஒரு மோட்டச்சைக்கிள் காசிமை அடிச்சுத் தூக்கி எங்கட மதிலோட போட்டுது. கால் ரெண்டு இடத்தில முறிவு. சுடுகஞ்சி கையெல்லாம் அவிச்சுப்போட்டுது.

வெளி ஆக்கள் வந்து ஓடுறாங்கள், வெளி ஆக்கள் எண்டு எங்கட சனம் கத்தும். அடிச்சது வெளி ஆள் இல்லை. எங்கட ஒழுங்கை ஆள். காப்பெற் போடவேணுமெண்டு வீடு வீடாக் கடதாசி கொண்டு திரிஞ்ச ஆள். பேர் சொல்லேல்ல. வாசிச்சா அவருக்கே விளங்கும்.

ஆஸ்பத்திரியில இருந்து காசிம் என்னட்டச் சொன்ன முதல் கதை: "மச்சான், நீ கல்லை உடைச்சாய், அது என்ர காலை உடைச்சிட்டுது. கணக்குச் சரி." சொல்லிச் சிரிச்சவன். எனக்குச் சிரிப்பு வரேல்ல.

திருகோணமலை டவுனில மான் ரோட்டுக்கு வருமெண்டு மானுக்குப் பலகை நட்டிருக்கு. நடட்டும், அதுவும் உயிர்தானே. எங்கட காசிமுக்கும் செல்லத்துக்கும் கொம்பு இல்லாதது பிழையாப் போச்சு.

காசிம் படுக்கையில கிடந்தபடி ஒரு யோசினை சொன்னான். துறைமுகத்தில கழிச்சுவிட்ட கப்பல் கயிறு, துடைத் தடிப்பு இருக்கும், அதை ரோட்டுக்குக் குறுக்கால போட்டுச் சீமெந்து பூசச் சொன்னான். ஒழுங்கையில மிச்சமிருக்கிற அஞ்சு வீட்டு ஆக்களும் சேந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டினம். சரியா எங்கட கேற்றடியில, பழைய முடக்கு இருந்த இடத்தில. நான் கயிறு பிடிச்ச ஆள், எனக்குத் தெரியும், கப்பலைக் கட்டின கயிறு மோட்டச்சைக்கிளுக்கு அசையாது. ரெண்டு நாள் ஒழுங்கை முழுக்க ஊர்ந்துதாம். காசிமை வீட்ட கொண்டுவந்த நேரம் அது. செல்லம் போனில, "அண்ணை, அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோனனான், ஒரு சொட்டும் சிந்தேல்ல" எண்டு சொன்னா. சின்னப் பிள்ளை பரிசு வாங்கினமாதிரிக் குரல்.

மூண்டாம் நாள் கந்தோர் ஜீப் வந்து நிண்டுது. அனுமதி இல்லாத தடையாம். மெசின் வைச்சு வெட்டி, கயிறையும் ஏத்திக்கொண்டு போட்டினம். காலை முறிச்ச அண்டைக்கு வராத ஜீப். ரோட்டில மேடு போடச் சொல்லிக் குடுத்த கடிதத்துக்கு வராத ஜீப். எடுக்க மட்டும் ரெண்டே நாளில வந்துது!

5

செல்லம் கந்தோருக்குப் போனா. எந்தக் கந்தோரெண்டு நான் சொல்லேல்ல, உங்கட ஊரிலயும் அப்பிடி ஒண்டு இருக்கும். நாலு மேசை மாத்தி விட்டு, அஞ்சாம் மேசையில ஒரு தம்பி கதிரை தந்தவராம். அவ வந்து சொன்ன மாதிரியே சொல்லுறன்.

"அம்மா, வேகத்தடை போடலாம். ஆனா எந்தக் கேற்றுக்கு முன்னால வருதோ, அந்த வீட்டுக்காரர் தனக்கு ஆட்சேபனை இல்லையெண்டு கடிதம் தரவேணும்."

"தம்பி, பாதி வீட்டுக்காரர் வெளிநாட்டிலயெல்லோ."

"அப்ப எடுப்பிச்சுத் தாங்கோ. மூலக்கடிதம் வேணும்."

"ரோட்டை அகலமாக்கேக்க போனில வந்த படத்தை வாங்கினீங்களே தம்பி?"

"அது வேற பிரிவு அம்மா."

செல்லம் எழும்பி வரேக்க அந்தத் தம்பி, "கவனமாப் போங்கோ அம்மா, வெளியில வாகனம் கூட" எண்டு சொன்னவராம். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையளை இருத்தித்தான் இந்த வேலையெல்லாம் நடக்குது.

6

அகலமாக்க ஒரு கிழமையில கையெழுத்து வைச்ச ஆக்கள்தானே, மேட்டுக்கு ஒரு நாள் காணும் எண்டு நினைச்சு நான் போன் எடுக்கத் தொடங்கினன். ஊரில ஆள் இருக்கிற அஞ்சு வீடும் ஒழுங்கைத் தொங்கலில, அங்க மேடு போட்டுச் செல்லத்துக்கும் காசிமுக்கும் பிரயோசனமில்லை. மிச்சம் எட்டுப் பேர்.

லண்டன்காரன்: "அண்ணை, நல்ல விசயம். முழு ஒழுங்கைக்கும் தேவை. நான் ஃபுல் சப்போர்ட். எங்கட கேற்றை மட்டும் விட்டிடுங்கோ. லொறி பிறேக் அடிக்கிற சத்தத்துக்கு, வாடகைக்கு இருக்கிற சனம் எழும்பிடும்."

காசிம் இருக்கிற வீட்டின்ர சொந்தக்காரி கனடாவில. "ஐயோ அண்ணை, காசிம் நானா பாவம். மேடு போட்டா மழைத்தண்ணி எங்கட வாசலுக்கெல்லே வரும். உங்கட பக்கம் கொஞ்சம் உயரம்தானே?"

பிரான்சில ஒருத்தர், வாசலுக்கு முன்னால மேடு வந்தா வீட்டில மங்கள காரியம் தடைப்படுமெண்டு சாத்திரி சொன்னவராம் எண்டார். "அந்த வீட்டில பூட்டுத் தொங்கிப் பதினெட்டு வருசம். என்ன மங்கள காரியமடா நடக்குது, எலிக்குக் கலியாணமோ?" எண்டு கேட்டன். போனை வைச்சிட்டார்.

எட்டுப் பேரும் ஓம் எண்டவை. எட்டுப் பேரும் தங்கட கேற் வேண்டாமெண்டவை.

என்ர கேற்? கேளுங்கோ, கேக்கத்தானே வேணும். செல்லம் முதல் நாளே கேட்டவ. "அண்ணை, எங்கட கேற்றுக்கு முன்னாலதானே சரியான இடம். நான் கடக்கிறதும் அதாலதானே." நான், "முதல் மற்றவையைக் கேப்பம்" எண்டு சொன்னனான். ஏனெண்டா போன வருசம் ஊருக்குப் போனநேரம் அந்தக் காணியை மகன் சுதனுக்கு உறுதி எழுதிக் குடுத்திட்டு வந்தனான். உறுதி எழுதுற நொத்தாரிசு வாசிச்சார், எனக்கு ஒண்டும் விளங்கேல்ல, கையெழுத்தை வைச்சன். சுதனுக்கு அதை விக்க எண்ணம். ரோட்டு நேரானதால நல்ல கிராக்கியாம். நான் அவனைக் கேக்கப் பயந்துகொண்டு எட்டுப் பேரை ஏசிக்கொண்டிருந்தனான். அதுதான் உண்மை.

7

போன கிழமை சுதன் வேலையால வந்து காரைத் திருப்பேக்க பூப்பெட்டியோட உரசிப்போட்டான். உடன ஆஸ்த்ரி வீட்ட போனான். நானும் பின்னால போனன். பெட்டியை எங்கட வாசலுக்கு முன்னால இருந்து எடுத்து வேற இடத்தில வைக்கச் சொல்லிக் கேட்டான். அவன்ர பாசை அவையளின்ர பாசை மாதிரியே இருக்கும். ஆஸ்த்ரி கோவிக்கேல்ல. ஒண்டே ஒண்டு கேட்டா. எனக்கே விளங்கிச்சுது.

"சரி. அப்ப ஆற்ற வாசலுக்கு முன்னால வைக்க?"

இவ்வளவு பாசை தெரிஞ்ச சுதனும் "யா, யா" எண்டிட்டுத் திரும்பி நடந்தான்.

வீட்ட வந்து கதவைச் சாத்தினவுடன நான் கேட்டன். "தம்பி, மேட்டுக்கு ஒரு கடிதம் தா. எங்கட கேற்றுக்கு முன்னால."

"அப்பா, வாங்க வாற ஆள் லொறி வைச்சிருக்கிறவர். மேட்டைக் கண்டா வேண்டாமெண்டு போடுவார்."

"உன்ர மாமி ஒரு கண்ணோட ஒரு நாளைக்கு மூண்டு தரம் அதைக் கடக்கிறா. காசிமுக்குச் சாப்பாடு கொண்டுபோறா."

"மாமிக்கு வேற ஒரு நல்ல இடம் பாப்பம். அந்த ஐயாவை அவற்ற மகள் கூட்டிக்கொண்டு போகட்டும். நீங்கள் ஏன் இவ்வளவு எமோஷன் ஆகிறீங்கள்?"

நான் அவனுக்கு அடிக்கக் கை ஓங்கேல்ல. இந்த நாட்டில ஓங்கேலாது. ஆனா சொன்னனான், "மனிசரை எடுத்திட்டு ரோட்டை வைச்சிருக்கப் பாக்கிறாய்" எண்டு. அவன் மேல் மாடிக்கு ஏறிப் போட்டான்.

இவ்வளவுக்கும் வதனி குசினியில நிண்டவ. கையைத் துடைச்சிட்டுப் போய், அலுமாரியில இருந்த உறுதிக்கட்டை எடுத்துக்கொண்டு வந்து மேசையில வைச்சு வாசிச்சா. நீட்டு நீட்டு வசனம். ஒரு இடத்தில நிப்பாட்டினா.

"மாமா, இதில உங்களுக்குச் சீவிய உரித்து எண்டு போட்டிருக்கு."

"அப்பிடியெண்டா?"

"நீங்கள் உயிரோட இருக்குமட்டும் வீடும் வளவும் உங்கட பொறுப்பு. அவருக்கு அதுக்குப் பிறகுதான்."

அந்த நொத்தாரிசு என்னைக் கேக்காமலே போட்டிருக்கிறார். பிள்ளையளுக்கு எழுதுற கிழடுகள் பிறகு தெருவில நிண்டதைக் கண்ட மனிசனாயிருக்கும், அவருக்குப் புண்ணியம்.

கடிதம் அண்டைக்கே எழுதியாச்சு. வதனிதான் எழுதினவ. புருசன் மேல இருக்க, கீழ இருந்து எழுதினவ. இந்த முறை வாசிச்சுக் காட்டச் சொல்லி ரெண்டு தரம் கேட்டிட்டுத்தான் கையெழுத்து வைச்சனான். தபாலில போட்டிட்டம். ஆனா எனக்குக் கந்தோர் தெரியும். கடிதம் வரேல்ல எண்டுவினம், வந்தா வேற மேசைக்குப் போட்டுது எண்டுவினம். அதாலதான் இதை உங்களுக்குச் சொல்லுறன்.

இதை வாசிக்கிற ஆராவது உட்துறைமுகப் பக்கம் போனா, ஓடாவி ஒழுங்கைக்குப் போய்ச் சொல்லுங்கோ. மேடு என்ர கேற்றுக்கு முன்னால. எனக்கு ஆட்சேபனை இல்லை. கந்தோரில அஞ்சாம் மேசையில இருக்கிற தம்பியிட்டயும் சொல்லுங்கோ, இதை வெட்டிக்கொண்டு போய்க் காட்டினாலும் சரி. லண்டன், கனடா, பிரான்சில எங்கட ஆக்களைக் கண்டா, இனி உங்கட கேற்றைப் பற்றிக் கவலைப்படவேண்டாமாம் எண்டு சொல்லுங்கோ. மேடு வருமட்டும் ஆளில்லாம ரோட்டைக் கடக்கவேண்டாமெண்டு செல்லத்திட்டச் சொல்லுங்கோ. நான் சொன்னா அவ கேக்கமாட்டா, வேற ஆக்கள் சொன்னாக் கேப்பா. ரோட்டு வேலைக்கு வாற தம்பிமாரிட்டயும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பேருக்குத் தாரைத் தடவிப்போட்டுப் போகவேண்டாம். உயரமாப் போடச் சொல்லுங்கோ.